கார்ட்டிசோனும் கலங்கிய மனமும்

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வானாய்வகத்திற்கு எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களை ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்வதுண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து முடித்ததும் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தது. அப்போது காவலூரில் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கி, அந்த விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கிப் பின் மீண்டதைப் பதிவு செய்தது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று முதலில் கருதி, அவ்வாறே ஆய்வுக் குறிப்பும் எழுதினார்கள். பிற இடங்களில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே அவை யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. கருவி சரியாகத்தான் பதிவு செய்தது. அதற்குக் கொண்ட பொருள்தான் வேறாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதையைக் கேட்ட மாணவன் ஒருவன், திரும்பும் வழியில் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தான். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்தவன். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களைச் சேர்ந்தவன்.

"சார், மாத்திரை சாப்பிட்டால் பைத்தியம் பிடிக்குமா?" என்றான்.

அவனுடைய தாத்தாவுக்குத் தொழுநோய். கூட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் திடீரென்று முழங்கை நரம்பு வீங்கிச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. சமவெளியில் ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். புதிதாக ஒரு மாத்திரை கொடுத்து, காலையில் எட்டு விழுங்கச் சொன்னார்கள். முதல் வாரம் வலி போயிற்று. இரண்டாம் வாரம் தூக்கம் போயிற்று. கிழவர் நடுநிசியில் சாமைக் கொல்லைக்குப் போய்க் களை பறித்தார். மலை முழுவதையும் விலைக்கு வாங்கப் போவதாகச் சொன்னார். வழியில் போன ஒருவருக்கு இரண்டு ஆடுகளைத் தானமாகப் பிடித்துக் கொடுத்தார். பிறகு, மருமகள் சோற்றில் ஏதோ கலக்கிறாள் என்று உண்ண மறுத்தார். சாமி குற்றம் என்று வீட்டில் பூசை போட்டார்கள். மாத்திரையால்தான் இது என்று யாரோ சொல்ல, மிச்சமிருந்த மாத்திரைகளை ஒரே நாளில் ஓடையில் எறிந்தார்கள். அதன் பின் சில நாள் கிழவர் எழ முடியாமல் சுருண்டு கிடந்தார். ஒரு மாதத்தில் மனம் தெளிந்தது. ஆனால் மடங்கிய இரண்டு விரல்கள் மடங்கியவைதான், நிமிரவில்லை.

"பூசை பலித்ததா, மாத்திரையை விட்டது பலித்ததா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை சார்."

அன்று என்னிடம் விடையில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தியல் எனக்குப் பாடமல்ல. ஆனால் படிக்கப் படிக்க, இது பெரும்பாலும் அளவீடு பற்றிய கதை என்பது புரிந்தது. அந்த வகையில் எனக்குப் பழக்கமான கதைதான்.

முதலில் அந்த மாத்திரையைக் கொடுத்ததன் காரணத்தைப் பார்ப்போம். அதன் பெயர் பிரெட்னிசலோன்; ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் குடியிருப்பது. உடலின் காப்பு ஆற்றல் சில வேளைகளில் திடீரென விழித்துக்கொண்டு அக்கிருமிகளைத் தாக்கத் தொடங்கும். இதனை மருத்துவமனைகளில் 'ரியாக்ஷன்' என்றே சொல்வார்கள். இந்தப் போரில் நரம்பு வீங்குகிறது. அதைச் சுற்றியுள்ள உறையோ விரிந்து கொடுப்பதில்லை. எனவே நரம்பு தன் உறைக்குள்ளேயே நசுங்குகிறது. சில மாதங்களுக்குள் வீக்கத்தை அடக்கினால் நரம்பு பிழைக்கும். விட்டுவிட்டால் விரல் மடங்கும், பாதம் தொங்கும். வீக்கத்தை அடக்குவதற்கு ஸ்டீராய்டுக்கு நிகரான மருந்து எளிதில் இல்லை. நாள்தோறும் 40 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 12 வாரங்களிலோ அதற்கும் மேலோ முடிப்பது முறை. 5 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்றால் 40. மாணவனின் கணக்கு சரியாக இருந்தது.

ஆகவே கிழவரின் வீட்டார் அறியாமல் ஓர் இக்கட்டில் நின்றிருக்கிறார்கள். மாத்திரை மனத்தைக் கலக்கியது. மாத்திரையை விட்டதும் கை போயிற்று.

மனம் கலங்கும் என்பது முன்பே தெரியாதா? தெரியும் என்பதுதான் வியப்பு. நம் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், சுரப்பிகள் கெட்டால் மனமும் கெடுவதைப் பற்றி 1913லேயே ஒரு கட்டுரை எழுதினார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயில் உடம்பில் கார்ட்டிசால் மிகுந்துவிடுகிறது. முகம் நிலா வட்டமாக உப்புவதோடு மனச்சோர்வும் குழப்பமும் வருவதுண்டு. அவ்வியக்குநீரை மருந்தாக ஒருவர் உடம்பில் ஏற்றுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட எச்சரிக்கை அது.

மருந்து வந்த கதையோ மூட்டுவாதத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர் 1929இல் ஒரு விந்தையைக் கண்டார். மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டு வலி போய்விட்டது. கருவுற்ற பெண்களுக்கும் இப்படி வலி குறைவதைப் பின்னர்க் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் வலியைத் தணிக்கிறது என்று கருதி, பெயர் தெரியாத அப்பொருளை 'எக்ஸ்' என்று குறித்து வைத்தார். அதே மேயோவில் வேதியியல் அறிஞர் எட்வர்டு கெண்டல், மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஏ, பி, ஈ, எஃப் எனச் சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் ததேயுஷ் ரெய்க்ஸ்டைனும் தனியே அதே வேலையைச் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய விமானிகள் அட்ரினல் சாற்றை ஊசி போட்டுக்கொண்டு உயரப் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. வதந்தி பொய். ஆனால் அதை நம்பி அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சிக்கு ஊக்கம் கொடுத்தது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் என்னும் இளைஞர், மாட்டின் பித்தநீரில் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து 'ஈ' சேர்மத்தைச் செய்து முடித்தார். கிடைத்தது சில கிராம்.

1948 செப்டம்பர் 21ஆம் நாள், படுக்கையில் புரளவும் இயலாத 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஹெஞ்சின் குழு அதனை ஊசி வழியே செலுத்தியது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றி வந்தார்! அடுத்த ஆண்டு 14 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. நொண்டி வந்தவர் ஓடுவதைத் திரைப்படமாக எடுத்து மருத்துவர் கூட்டங்களில் காட்டினார்கள். 'ஈ' சேர்மத்திற்குக் கார்ட்டிசோன் என்று பெயரிட்டார்கள். 1950லேயே ஹெஞ்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையே இரண்டே கால் ஆண்டுகள்தாம். நோபல் குழு இவ்வளவு விரைந்து நடப்பது அரிது.

இங்கேதான் காவலூர்க் கதை நினைவுக்கு வருகிறது. கார்ட்டிசோன் பெற்றவர்கள் களிப்பாக இருக்கிறார்கள், அதிகம் பேசுகிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள், பசி மிகுந்திருக்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் குறித்திருந்தார்கள். ஆனால் ஐந்தாண்டு படுத்தே கிடந்தவர் எழுந்து நடந்தால் களிப்பு வராதா? நமக்கு வந்தால் நாமும் ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டோமா? நோய் நீங்கிய மகிழ்ச்சியும் மருந்து மூளையில் ஊட்டிய களிப்பும் ஒரே முகத்தில் ஒரே சிரிப்பாகத் தெரிகின்றன. எது எது என்று பிரிப்பது எப்படி?

பிரிக்க முயன்றவர்கள் மேயோவைச் சார்ந்த மனநல மருத்துவர்களே. ஹோவர்டு ரோம், பிரான்சிஸ் பிரேஸ்லாண்ட் என்னும் இருவர் 1952இல் எழுதிய கட்டுரையில், இம்மருந்துகள் மனத்தில் விளைவிக்கும் மாற்றத்தை நான்கு படிகளாக வகுத்தார்கள். முதற்படியில் இலேசான களிப்பும் களைப்பின்மையும். அதற்கு மேல் பரபரப்பும் தூக்கமின்மையும். நான்காவது படியில் தெளிவான மனப்பிறழ்வு. களிப்பும் பிறழ்வும் ஒரே ஏணியின் படிகள் என்பதை அவர்கள் கண்டுகொண்டது பெரிய செயல் என்பேன். அந்தக் கிழவர் களை பறித்தது ஒரு படி, மருமகளை ஐயுற்றது மேற்படி.

ஆனால் கட்டுரையைப் படித்தவர்கள் மருத்துவர்கள். பொதுமக்களுக்கு இச்செய்தி வேறு வழியில் போயிற்று. பெர்ட்டன் ரூசே என்னும் எழுத்தாளர் கார்ட்டிசோனால் மனம் பிறழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் உண்மைக் கதையை 1955இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே நிக்கலஸ் ரே அதனைத் தழுவி 'பிகர் தேன் லைஃப்' என்று படம் எடுத்தார். ஜேம்ஸ் மேசன் நடித்தார். நல்லாசிரியர் ஒருவர் மருந்தின் பிடியில் தன்னைப் பேரறிஞராக எண்ணிக்கொண்டு பெற்ற மகனையே கொல்லத் துணிகிறார். படம் அன்று ஓடவில்லை. கதைநாயகர் ஆசிரியர் என்பதால் எனக்கு அதில் கூடுதல் அக்கறை. வகுப்பில் 'நான் சொல்வதே சரி' என்று முழங்கும்போதெல்லாம் இப்போது சிறிது தயக்கம் வருகிறது.

இதற்கிடையில் மருந்து மலிந்துவிட்டது. மெக்சிகோவில் காட்டில் விளையும் ஒரு வகை வள்ளிக்கிழங்கிலிருந்து ஸ்டீராய்டு மூலப்பொருள் கிடைத்தது. அதில் உரிய இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துவதுதான் கடினம். அந்த வேலையைப் பழைய ரொட்டியில் படரும் பூஞ்சணத்தின் இனம் ஒன்று எளிதாகச் செய்துவிடும் என்று அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மரேயும் 1952இல் காட்டினார்கள். 1955இல் கார்ட்டிசோனைவிட ஐந்து மடங்கு வலிவுள்ள பிரெட்னிசோனும் அதன் உடன்பிறப்பான பிரெட்னிசலோனும் வந்தன. 1958இல் அவற்றினும் பன்மடங்கு வலிய டெக்சாமெதசோன். ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய் என்று பயன் விரிந்தது. தொழுநோய் ரியாக்ஷனுக்கு 1950களின் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பரவிய வேகத்தில் எச்சரிக்கை பரவவில்லை. எத்தனை பேருக்கு மனம் கலங்கும், எந்த அளவில் கலங்கும் என்று கேட்டால் இருபது ஆண்டுகளாக ஆளுக்கொரு விடை.

எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றியவர்கள் பாஸ்டன் நகரத்தார். அங்கே 1966இல் தொடங்கிய ஒரு கூட்டுத் திட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளிகளின் ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு விளைவையும் ஒழுங்காகப் பதிந்தார்கள். பதிவுகள் கணிப்பொறிக்குப் போயின. பிரெட்னிசோன் பெற்ற 700க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு 1972இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்குக் கடும் மனக்கோளாறு. 41 முதல் 80 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் 4.6 விழுக்காடு. 80க்கு மேல் பெற்றவர்களில் 18.4 விழுக்காடு.

இம்மூன்று எண்களை வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். சாமி குற்றம் மில்லிகிராம் கணக்குப் பார்த்து வருவதில்லை. நோய் நீங்கிய மகிழ்ச்சியும் அப்படி அளவோடு கூடிக்கொண்டே போய்ப் பிறழ்வாக மாறுவதில்லை. அளவு ஏற ஏற விளைவும் ஏறுகிறது என்றால் விளைவு பொருளினுடையது. இதற்கு முன் மனநோய் வந்திராதவர்க்கும் இது வரும். மனத்திடம் இல்லாதவர்க்கு மட்டுமே வரும் என்பதற்குச் சான்றில்லை.

இன்னொரு கணக்கு நம் மலைக்கு நெருக்கமானது. இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் இருக்கிறது. உள்ளே செல்லும் பிரெட்னிசலோனில் ஒரு பகுதியை அது பற்றிக்கொள்கிறது. பற்றப்படாமல் தனித்துத் திரியும் பகுதியே வேலை செய்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் அல்புமின் 2.5 கிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்குப் பிரெட்னிசோனின் பக்கவிளைவுகள் இரு மடங்கு நேர்ந்தன என்று 1971இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஊட்டம் குறைந்து நெடுநாள் நோயில் மெலிந்த ஒரு கிழவருக்கு 40 மில்லிகிராம் என்பது, நன்றாக உண்ட பாஸ்டன்காரருக்கு 40 மில்லிகிராம் என்பதாகாது. அட்டவணையில் எண் ஒன்றுதான். உடம்புக்குள் அது வேறு.

மூட்டுக்கும் நரம்புக்கும் கொடுத்த மருந்து மூளைக்குள் ஏன் போகிறது? ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள். கொழுப்புப் படலங்களை எளிதில் கடக்கும். 1968இல் புரூஸ் மெக்யுவன், கதிரியக்கக் குறியிட்ட அட்ரினல் இயக்குநீரை எலிகளுக்குச் செலுத்தி, அது மூளையில் எங்கே தங்குகிறது என்று தேடினார். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் அது மிகுதியாகச் சேர்ந்திருந்தது. அங்கே இந்த இயக்குநீரை ஏற்கும் இருவகை ஏற்பிகள் உள்ளன என்பது 1985இல் தெளிவாயிற்று. ஒரு வகை, இயக்குநீர் சிறிதளவு இருந்தாலே நிரம்பிவிடும். மற்றொன்று, அளவு உயர்ந்தால்தான் நிரம்பும். நெருக்கடி நேரத்திற்கானது எனலாம். உடம்பு தானே சுரப்பதைப் போலப் பன்மடங்கு வலிவை மாத்திரையாக விழுங்கும்போது இரண்டாம் வகை நாள் முழுதும் நிரம்பி நிற்கிறது. இயல்பில் கார்ட்டிசால் விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழும். அந்தத் தாளம் கெடுவதால்தான் முதலில் தூக்கம் போகிறது. மாத்திரையைக் காலையிலேயே விழுங்கச் சொல்வதன் காரணமும் இதுதான்.

கிழவர் மாத்திரையை விட்டதும் சுருண்டு கிடந்ததற்கும் இதில் விடை உண்டு. வெளியிலிருந்து தாராளமாக வருவதைக் கண்டு அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. திடீரென மாத்திரை நின்றால் சுரப்பி உடனே விழிப்பதில்லை. உடம்பு இரண்டுமற்று நிற்கிறது. உயிருக்கே கேடு வரலாம். எனவேதான் படிப்படியாகக் குறைப்பது.

பிரிட்டனில் 2012இல் வெளியான ஆய்வு, பழைய ஐயத்தின் கடைசிச் சாக்கையும் நீக்கிற்று. ஸ்டீராய்டு பெற்றவர்களை, அதே நோய் இருந்தும் ஸ்டீராய்டு பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். நோய் இரு பக்கமும் ஒன்று. வேறுபாடு மருந்து மட்டுமே. மிகைக் களிப்பு நோய் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் நான்கு மடங்குக்கு மேல். தற்கொலையும் தற்கொலை முயற்சியும் ஏறக்குறைய ஏழு மடங்கு. ஏணியின் அடிப்படியில் காணும் சிரிப்பை யாராவது முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

2020 ஜூனில், கொரோனாவால் மூச்சுத் திணறியவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் உயிர் காக்கிறது என்று பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு காட்டியது. செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த 6 மில்லிகிராம், வலிவில் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். கிழவர் விழுங்கிய எட்டு மாத்திரைகள். ஆகவே மருந்தைப் பழிக்க எனக்கு உடன்பாடில்லை. மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் சீட்டில்லாமல் இதை வாங்கி விழுங்கும் பழக்கத்தைப் பழிக்கலாம்.

மருந்து கொடுத்தவர்கள் கிழவரின் வீட்டாரிடம் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம்: தூக்கம் கெட்டாலோ பேச்சு மாறினாலோ அழைத்து வாருங்கள்; எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் இக்கோளாறு முதல் இரண்டு வாரங்களிலேயே தலைகாட்டுகிறது. அளவைக் குறைத்தால் சில வாரங்களில் தெளிகிறது. நரம்புக்காகக் குறைக்க முடியாதபோது மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் மாற்றத்தை முதலில் காண்பது மருத்துவர் அல்லர், வீட்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி சார்பில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை உண்டானது. உலகத்தின் பல இடங்களில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்த காலம் அது. நடுநிசியில் கொல்லையில் ஆள் நிற்பதைப் பதிவு செய்ய வீட்டாரின் கண்ணைவிட நல்ல கருவி ஏது?

இவற்றையெல்லாம் அந்த மாணவனுக்குச் சொன்னபோது, பாஸ்டன் எண்கள் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். வீட்டுச் சண்டைக்கு உதவும் என்றான். பிறகு, "விரல் நிமிராதா சார்?" என்று கேட்டான்.

நரம்பு செத்து ஆண்டுகள் ஆன பின் எந்த மாத்திரையாலும் பயனில்லை. ஆனால் 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயில் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையை இம்மண்ணில்தான் வளர்த்தெடுத்தார். நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலில் பொருத்துவது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையம் அந்தப் பணியைத் தொடர்ந்தது. தாத்தாவின் கையை அப்படிப்பட்ட மருத்துவர் ஒருவரிடம் காட்டலாம் என்றேன்.

"அதற்கும் அந்த எட்டு மாத்திரை கொடுப்பார்களா?"

"பொதுவாகத் தேவையில்லை. ஆனால் போனவுடன் முதலில் பழைய கதையைச் சொல்லிவிடு. ஆடு கொடுத்தது வரை எல்லாவற்றையும் சொல்."

"சாமை அறுப்பு முடியட்டும் சார்" என்றான்.